அழகம்மாள் இறக்க விடவில்லை

கட்டிலைப் பார்க்க வந்தவர்களிடம் அம்மா விலையைச் சொல்லவில்லை. என்ன மரம் என்றும் சொல்லவில்லை. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தலைமாட்டுப் பலகையில் செதுக்கியிருக்கும் இரண்டு கிளிகளையும் தடவிப் பார்ப்பதற்குள், சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுவாள்.

“இதுலதாங்க எங்க வீட்டுக்காரரு செத்தாரு. எறக்கலை. கட்டில்லயே போயிட்டாரு. தெரிஞ்சு வாங்குறதுன்னா வாங்குங்க.”

தில்லை நகரிலிருந்து வந்த கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வண்டியை நிறுத்திய இடம் சரியில்லை என்று சொல்லிக் கிளம்பினார்கள். கொண்டுவந்து வைத்த தண்ணீரைத் தொடவில்லை. அடுத்து வந்தவர் லாட்ஜ் நடத்துகிறவர். அவர் கொஞ்சம் தைரியசாலி. எனக்கு அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார். ஆனால் தங்க வருகிறவர்களிடம் சொல்ல முடியாது, தொழில் கெட்டுவிடும் என்றார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அம்மா அடித்துச் சொன்னாள். அவரும் போய்விட்டார்.

“ஏம்மா, உன்னைய யாரு கேட்டா?” என்றேன்.

“கேட்டாத்தான் சொல்லணுமா?” என்றாள்.

எங்கள் பக்கத்தில் உயிர் போகப் போகிறது என்று தெரிந்ததும் ஆளைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்திவிடுவார்கள். கட்டிலோடு போகக் கூடாது. போனால் ஆத்மா மண்ணிலும் சேராமல் மேலேயும் போகாமல் அந்தரத்தில் நிற்கும் என்பார்கள். அப்படி ஒருவர் போன கட்டிலை வீட்டில் வைத்துக்கொள்ளவும் கூடாது. சுடுகாட்டில் வேலை செய்கிறவருக்குக் கொடுத்துவிட வேண்டும், அல்லது ஆற்றில் விட வேண்டும். எங்கள் வீட்டுக் கட்டில் அப்படி ஒருவர் போன பிறகு பதிமூன்று வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதில் ஒவ்வொரு நாளும் ஆள் படுத்தது. அந்த ஆள் என் அம்மா அழகம்மாள்.

நான் சிவசங்கர். பி.இ. சிவில். முசிறியிலிருந்து காவிரிக் கரையோடு நாலு கிலோமீட்டர் போனால் எங்கள் ஊர். எங்கள் தெருவில் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொண்ட முதல் ஆள் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. வாழைக்கொல்லையில் சருகு உரித்துக் கறை படிந்த கையால் அம்மா கட்டிய ஃபீஸில் படித்த படிப்பு. கூச்சப்பட்டால் அவளுக்குத்தான் அவமானம்.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆனபோது பத்தொன்பது வயது. அவள் அப்பா, தன் கொல்லையில் நின்ற பூவரச மரத்தை வெட்டி, கடைசல் கால் வைத்து, இந்தக் கட்டிலைச் செய்து சீராகப் போட்டார். நல்ல உயரம். அடியில் இரண்டு மூட்டை நெல்லைத் தள்ளி வைக்கலாம். நான் பிறந்தது அதில். பன்னிரண்டாம் வகுப்பு வரை குப்புறப் படுத்துப் படித்ததும் அதில்தான்.

என் அப்பா காத்தான், வாழைத்தார் ஏற்றும் லாரியில் சுமை ஆள். நான் ஏழாவது படிக்கும்போது, லாரியின் மேலே நின்று தார் அடுக்கிக்கொண்டிருந்தவர் சறுக்கி விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. பெரியாஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்து, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ஏழு மாதம் அந்தக் கட்டில்தான் அவருக்கு உலகம். துணி மாற்ற ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே அவர் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பழைய சேலையை நாலாக மடித்து அவருக்கு அடியில் போட்டு, அந்தச் சேலையை மட்டும் மெல்ல மெல்ல இழுப்பாள். உடம்பைத் தொடவே மாட்டாள். அப்போது மட்டும் அவர் கத்த மாட்டார்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் அவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. தகவல் தெரிந்து தெருவே கூடிவிட்டது. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா வீரமலை, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலு ஆட்களைக் கூப்பிட்டார். இறக்குங்கப்பா என்றார். ஆளுக்கு ஒரு பக்கம் வந்து நின்றார்கள்.

அம்மா கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்பாவின் தலையை மெல்ல நகர்த்தித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“தொடாதீங்க” என்றாள். “தூக்குனா கத்துவாரு. கத்திக்கிட்டே போகணுமா அவரு?”

“கட்டிலோட போனா அந்தரத்துல நிக்கும், அழகம்மா. வெவரம் தெரியாம பேசாத.”

“ஏழு மாசமா அந்தரத்துலதான் கெடக்காரு. நீங்க எத்தன தரம் வந்து பாத்தீங்க?”

அதற்குப் பிறகு யாரும் கிட்டே வரவில்லை. நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கத்தவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, மடியிலேயே போனார்.

கட்டிலைக் கொடுத்துவிடச் சொல்லிப் பெரியப்பா மூன்றாம் நாளே வந்து நின்றார். அம்மா அதைக் கழற்றிப் பம்புசெட்டுக்குக் கொண்டுபோய், சோப்புப்பொடி போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி மாட்டினாள். கருமாதி முடிந்த அன்றே அதில் படுத்துக்கொண்டாள். ஊர் என்ன சொல்லும் என்று பெரியப்பா கேட்டார். அம்மா திருப்பிக் கேட்டது அதன் பிறகு ஊரில் ரொம்ப நாள் பேச்சாக இருந்தது: “நீங்க குடல்வாலு ஆபரேசனுக்கு பெரியாஸ்பத்திரியில படுத்தீங்களே மாமா, அந்தக் கட்டில்ல உங்களுக்கு முன்னாடி யாருமே சாகலையா?”

அதிலிருந்து அம்மாவுக்கு ஒரு பட்டம் வந்தது. எறக்காம சாகவிட்டவ. மழை வராவிட்டாலும் அவள்தான் காரணம், பெரியப்பா வீட்டு மாடு கன்று போடாவிட்டாலும் அவள்தான் காரணம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கட்டிலை விட்டுத் தள்ளித் தரையில் உட்காருவார்கள். அம்மா விட மாட்டாள். மேலே உக்காருங்க, கடிக்காது என்பாள். உட்கார்ந்தவர்களுக்குக் காபி. உட்காராதவர்களுக்குத் தண்ணீர். பதிமூன்று வருடமும் இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். நாங்கள் ஊரை விட்டு வரும் வரை பெரியப்பா தண்ணீர்தான் குடித்தார்.

போன வருடம் எனக்கு மன்னார்புரத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை நிரந்தரம் ஆனது. பக்கத்திலேயே இரண்டு அறை வீடு பிடித்து அம்மாவைக் கூட்டிவந்தேன். கட்டிலும் வந்தது. கூடத்தில் முக்கால்வாசியை அதுவே எடுத்துக்கொண்டது. இடத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவேதான் பேசினாள். முழங்கால் தேய்ந்துவிட்டது, அந்த உயரத்துக்கு ஏற முடியவில்லை, இரண்டு மாதமாகப் பாய் போட்டுத்தான் படுக்கிறேன் என்றாள். யாருக்காவது கொடுத்துவிடு என்றாள்.

எனக்குத்தான் மனசு வரவில்லை. நான் பிறந்த கட்டில், அப்பா போன கட்டில் என்று ஏதேதோ சொன்னேன்.

“படுக்காத கட்டிலு எதுக்குடா? பூஜ பண்ணவா?” என்றாள். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டாள். விறகுக்கு உடைக்கிறவனுக்குக் கொடுக்கக் கூடாது. வாங்குகிறவனுக்கு விஷயத்தைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

செல்போனில் விளம்பரம் போட்டேன். வந்தவர்கள் கதையை மேலே சொல்லிவிட்டேன். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் கதையும் அதேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா காதுகுத்துக்கு முசிறி போயிருந்தாள். அன்று ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கநாதன் என்பவர் வந்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வருகிறார்களாம், அவர்களுக்காகக் கட்டில் தேடுகிறாராம். குனிந்து காலைத் தட்டிப் பார்த்தார், ஆப்பை ஆட்டிப் பார்த்தார், பூவரசா என்று கேட்டுத் தலையாட்டினார். அவருக்குப் பிடித்துவிட்டது. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“தப்பா நினைச்சுக்காதே தம்பி. பழைய சாமான் வாங்கறச்சே இதைக் கேட்டுடணும். இதுல யாரும் காலமாகலையே?”

“இல்லைங்க சார்” என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சுளுவாக வந்தது. இது வெறும் மூடநம்பிக்கை, இதில் உண்மை என்ன, பொய் என்ன, படித்தவன் இதற்கெல்லாம் மனச்சாட்சியைப் போட்டு உருட்டிக்கொண்டிருப்பானா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் குட்டியானை வண்டி வந்து கட்டிலை ஏற்றிக்கொண்டு போயிற்று.

சாயங்காலம் அம்மா வந்தாள். காலியான கூடத்தைப் பார்த்தாள். யார், எந்த ஊர் என்று விசாரித்தாள். பிறகு, “சொன்னியா?” என்றாள்.

நான் மின்விசிறியைப் போடப் போனேன்.

“சிவா, சொன்னியா இல்லியா?”

அந்த நம்பிக்கை எல்லாம் எனக்குக் கிடையாது என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை.

“நம்பிக்க இல்லன்னா எதுக்கு மறைச்ச?”

அம்மா பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே பேசினாள். சத்தம் போடவில்லை. “அன்னிக்கு அத்தன பேரு நின்னப்ப நான் எறக்க விடலை. நான் செஞ்சது சரின்னு பதிமூணு வருசமா வாயால சொல்லிக்கிட்டிருக்கேன். ஊருக்கே சொன்னேன். ஒருத்தருகிட்ட மறைச்சாலும் என்ன அர்த்தம்? தப்பு பண்ணிட்டேன்னு ஒத்துக்கிட்ட மாதிரிதானே? உங்க பெரியப்பா என் வாயில இருந்து வாங்க முடியாததை நீ ஒத்த நிமிசத்துல குடுத்துட்டு வந்துட்ட.”

கொஞ்ச நேரம் கழித்து, “விடிஞ்சதும் கெளம்பு. சீரங்கம் போறோம்” என்றாள்.

மறுநாள் காலை சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு போய் ஒன்றாம் நம்பர் பிடித்தோம். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போனது. பக்கத்தில் புதுப் பாலத்து வேலை. வேறு நாளாக இருந்தால் தூண், கர்டர் என்று அம்மாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வந்திருப்பேன். அன்று அவள் என் பக்கமே திரும்பவில்லை. திருப்பி எடுத்துவர வேண்டியிருந்தால் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்று மட்டும் கேட்டாள்.

ரங்கநாதன் சார் வீடு அடையவளஞ்சான் தெருவில் இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் சிரித்து, ஏதாவது ஆணி, ஆப்பு விட்டுப்போய்விட்டதா என்றார். அம்மா வாசலிலேயே நின்றாள். எந்த வாசலிலும் வெளியே நின்று பேசும் பழக்கத்தை நான் காலேஜிலேயே விட்டுவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பின்னால் அம்மாவும் வந்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து, வாங்கோ, உக்காருங்கோ என்றார். அவர் பெயர் ரங்கநாயகி.

கட்டில் கூடத்து நடுவில் நின்றது. துடைத்து எண்ணெய் போட்டிருந்தார்கள். நாலு காலிலும் மஞ்சள் குங்குமம். கிளி இரண்டும் புதுசாக வாங்கினது போல மின்னின.

அம்மா உட்காரவில்லை. “அய்யா, இந்தக் கட்டில்ல எங்க வீட்டுக்காரரு செத்தாரு. எறக்காம கட்டிலோடயே போனாரு. எம்மவன் உங்ககிட்ட அதைச் சொல்லலை. இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க, இப்பவே வண்டி வெச்சு எடுத்துக்கிறேன்” என்றாள்.

வாத்தியார் அம்மாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நான் கேட்டேனோல்லியோ? வாயைத் திறந்து கேட்டேன். படிச்ச புள்ளை, இல்லைன்னு சொன்னே.”

முதல் பட்டதாரிக்குத் தலை நிமிரவில்லை. பொய் சொன்னேன் சார், மன்னிச்சிடுங்க என்றேன். வேறு என்ன சொல்ல?

“அவன் சொன்னது பொய்தாங்க. அதைத் திருத்தத்தான் கால்வலியோட பஸ் ஏறி வந்தேன்” என்றாள் அம்மா.

அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. மகளும் மாப்பிள்ளையும் படுக்கப்போகிற கட்டில், தெரிந்தே எப்படிப் போடுவது, நல்லவேளை இப்போதாவது சொன்னீர்களே என்றார். நான் போனை எடுத்து வண்டிக்காரர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது ரங்கநாயகி அம்மாள் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு அம்மாவிடம் போனார்.

“ஏன் இறக்கலை? ஆள் இல்லையா?”

“ஆளு இருந்தாங்க. நாந்தான் விடலை” என்றாள் அம்மா. முதுகெலும்பு உடைந்தது, சேலையை மட்டும் இழுத்துத் துணி மாற்றியது, நாலு பேர் வந்து நின்றது, மடியில் வைத்துக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னாள். கண் கலங்கவில்லை. பெரியப்பாவைத் திட்டவும் இல்லை. வாழைக்கொல்லையில் அன்றைக்கு நடந்த வேலையைச் சொல்வது மாதிரி வரிசையாகச் சொன்னாள்.

ரங்கநாயகி அம்மாள் கேட்டுக்கொண்டே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“எங்க மாமியாரை இறக்கினோம்” என்றார். “மார்கழி மாசம். டாக்டர் இன்னும் அரை மணிதான்னுட்டுப் போனார். உடனே இறக்கி, இந்தக் கூடத்துலதான், தர்ப்பையைப் போட்டுக் கிடத்தினோம். அரை மணியில போகலை அவ.”

“இப்ப எதுக்கு அதெல்லாம்?” என்றார் வாத்தியார்.

“ரெண்டு நாள் கிடந்தா. நினைவோட கிடந்தா. குளிர்றதுடி, மேல தூக்கிப் போடுங்கோடின்னா. இறக்கினவாளைத் திரும்ப ஏத்தப்படாதுன்னுட்டா எல்லாரும். நானும் வாயை மூடிண்டு நின்னேன். ஒரு கம்பளி போட்டேன், அவ்வளவுதான் என்னால ஆனது.”

வாத்தியார் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அவருடைய அம்மா அல்லவா.

“சாமி, அதை நெனச்சு இப்ப என்ன பண்றது” என்றாள் அம்மா, வாத்தியாரைப் பார்த்து. ரங்கநாயகி அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சேலைத் தலைப்பால் கட்டிலை ஒரு துடை துடைத்துவிட்டு, ஏறி உட்கார்ந்தார்.

“வண்டியெல்லாம் கூப்பிட வேண்டாம் தம்பி. இது இருக்கட்டும்.”

“ரங்கநாயகி, வைஷ்ணவி வரப்போறா. மாப்பிள்ளை...”

“அவா மெத்தையைக் கீழ போட்டுண்டு படுக்கட்டும். சின்னவா, ஒண்ணும் ஆகாது. இது எனக்கு.”

“ஊர்ல கேட்டா என்ன சொல்றது?”

“இந்த அம்மா சொன்னதைச் சொல்றது.”

கடைசியில் வாத்தியார் என்னிடம் வந்து, இனிமேல் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லிப் பழகு என்றார். வாங்கிக்கொண்டேன். அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

அம்மா கிளம்பும்போது கட்டிலைத் தொட்டுப் பார்ப்பாள் என்று நினைத்தேன். தொடவில்லை. தலைமாட்டுப் பக்கம் இரண்டு ஆப்பு வெயில் காலத்தில் காய்ந்து தளரும், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று ரங்கநாயகி அம்மாளிடம் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா காலை நீட்டிக்கொண்டு முழங்காலைத் தடவியபடி வந்தாள். ஆற்றைத் தாண்டியதும் என்னிடம் பேச ஆரம்பித்தாள்.

“எனக்கு ஒரு கட்டிலு வாங்கணும்.”

“வாங்கலாம்மா. நல்ல தேக்குல...”

“தேக்கும் வேணாம், கிளியும் வேணாம். இரும்புக் கட்டிலு போதும். உயரம் கம்மியா, கால் எட்டுற மாதிரி.” என் பக்கம் திரும்பினாள். “ஆனா ஒண்ணு. என்னைய எறக்கக் கூடாது.”

முன் சீட்டில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்ததும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சரிம்மா என்றேன். அவளுக்கு அது போதவில்லை.

“சரின்னு இப்ப சொல்லுவ. அன்னிக்கு உன் பெரியப்பனும் அவரு மவனும் துண்டைக் கட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க. நீ ஒத்த ஆளு. நேத்து ஒரு வாத்தியார் கேட்டதுக்கே வாய் கொழறிட்டவன் நீ.”

“இனிமே கொழற மாட்டேன்மா.”

“எழுதி வையி. படிச்சிருக்கல்ல? பேரு போட்டு எழுதி வையி. எல்லாரும் படிக்கிற மாதிரி.”

அதனால் எழுதுகிறேன். முசிறி வட்டம் காத்தான் மனைவி அழகம்மாள், வயது ஐம்பத்திரண்டு, முழங்காலைத் தவிர வேறு நோய் இல்லை, இன்னும் முப்பது வருடம் இருப்பாள். அவள் போகும்போது கட்டிலில்தான் போவாள். மன்னார்புரம் வீட்டில் இரண்டடி உயரத்தில் ஒரு இரும்புக் கட்டில் போட்டிருக்கிறேன். அதில் அவள் கிடக்கும்போது யாரும் கிட்டே வந்து கை வைக்கக் கூடாது. கை வைக்கிறவர் என் பெரியப்பாவாக இருந்தாலும் சரி, பஞ்சாயத்துத் தலைவராக இருந்தாலும் சரி. தலைமாட்டில் ஏறி உட்கார அவள் மகன் இருக்கிறான்.

இதில் ஒரு பிரதி எடுத்துப் பெரியப்பாவுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பெறுநர் கையெழுத்து வாங்கிவரும் ரிஜிஸ்டர் தபால்.